ஆறு வாரம் உன்னிடமிருந்த போன்

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான்கு நாளாக உன் சொந்த போன் அணைந்து கிடக்கிறது. அதனால் நீ தங்கியிருக்கும் லாட்ஜில் உன் எதிர் அறையில் இருக்கும் வெல்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது, நேராகவே சொல்கிறேன்.

நீ மறுபடி அந்த வலி மாத்திரையைத் தொட்டது அண்ணிக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். அவர் அழவில்லை. "பதினாலு மாசம் இல்லாம இருந்தவருதானே, இருக்கத் தெரியும் அவருக்கு" என்று மட்டும் சொன்னார். பாப்பாவுக்கு மேலே இரண்டு பல் வந்துவிட்டது. எல்லோரையும் கடிக்கிறாள், என்னைக் கொஞ்சம் கூடுதலாக. அவளுக்கும் விஷயம் தெரியும் போலிருக்கிறது.

விஷயம் இதுதான். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் அடிக்கும் அவசர போனை, நம் கம்பெனியில் ஆளுக்கு ஒரு வாரம் வைத்திருப்பதுதான் வழக்கம். உன்னிடம் அதை ஆறு வாரம் விட்டுவைத்தது மேனேஜர் இல்லை. பட்டியல் போட்டது நான். சும்மா இருந்தால்தானே மனசு மாத்திரைப் பக்கம் போகும், வேலையில் முக்கி வைப்போம் என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

கடைசி நாள் பதினோரு அழைப்பு. லிஃப்டுக்குள் ஒரு பெரியவர் மூச்சுத் திணறிக் கதவைத் தட்ட, வெளியே அவர் மகன் உன் சட்டையைப் பிடித்திருக்கிறான். அவரை மீட்டுவிட்டு என்னை அழைத்தாய். "ஒரு நாள் மட்டும் இந்த போனை வாங்கிக்கடா, இதுக்கு மேல எனக்குத் தாங்காது" என்றாய். நான் "நாடகம் போடாதண்ணா" என்றேன். அன்று சாயங்காலம்தான் நீ மாத்திரை தேடிப் போனாய்.

உன் டாக்டரிடம் சண்டை போடத்தான் போனேன். என்ன வைத்தியம் பார்த்தீர்கள் என்று கத்தினேன். அந்தம்மா பொறுமையாக, "முதுகுவலிக்குத் தந்த மாத்திரை பயத்தையும் பதற்றத்தையும் சேர்த்து அடக்கிச்சு தம்பி. மூளை அதை மறக்காது. நெருக்கடி ஏறினா பழைய வழியத்தான் தேடும். இதோட எல்லாம் போச்சுன்னு இல்ல, சிகிச்சையைத் தொடரணும்" என்றார். பிறகு, "சமீபத்துல அவருக்கு என்ன சுமை கூடிச்சு?" என்று கேட்டார். கத்திக்கொண்டு நின்றவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

லிஃப்டில் ஆள் அதிகமானால் மணி அடித்து நின்றுவிடும். நீயும் மணி அடித்தாய். அதற்கு நான் நாடகம் என்று பெயர் வைத்தேன்.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. பட்டியலைத் திருத்தி ஒட்டிவிட்டேன். இப்போது போன் என்னிடம் இருக்கிறது. மூன்றே நாளில் எனக்குத் தூக்கம் போய்விட்டது. டாக்டர் வியாழக்கிழமை காலை உன்னை வரச் சொல்லியிருக்கிறார். கீழே பைக்கோடு நிற்பேன். வழி முழுக்க வாயைத் திறக்க மாட்டேன்.

இன்னும் ஒன்று. இத்தனை மாதம் விட்டிருந்ததால் பழைய அளவை உன் உடம்பு தாங்காதாம், மூச்சே நின்றுவிடுமாம். உனக்கு உத்தரவு போட்டது போதும், இனிமேல் போட மாட்டேன். ஆனால் மனசு அடங்காத நேரத்தில் தனியாக மட்டும் இருக்காதே, வெல்டரைக் கூப்பிடு. அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எதுவானாலும் சரி, அண்ணா, அறைக்கு உள்தாழ் மட்டும் போடாதே.

உன் தம்பி