பொம்மைக்கு எங்கே வலிக்கும்?

நெய்க்காரப்பட்டி
8.6.2025

அன்பு பானுவுக்கு,

மோகன்குமார் எழுதுவது. போனில் என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால் தபாலில் எழுத வேண்டியதாயிற்று. நீயும் வேலவனும் சுகம்தானே? இங்கே தென்னைக்கு உரம் வைத்தாயிற்று. அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான்.

நீ திண்டுக்கல்லில் பிளே ஸ்கூல் டீச்சராகச் சேர்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நம் மகனைப் பொம்மைக்கு ஒத்தடம் கொடுக்க வைக்கிறாயாமே! அங்கே பார்த்துவிட்டு வந்த நம்மூர்க்காரர் ஒருவர் டீக்கடையில் சொல்லிச் சிரிக்கிறார். நாலு வயது ஆம்பளைப் பையன் அவன். நீ கோபித்துக்கொண்டு போய் எட்டு மாதமாகிறது. போதும், வந்து சேர்.

அன்புடன்,
மோகன்

திண்டுக்கல்
13.6.2025

வேலவனின் அப்பாவுக்கு,

நான் கோபித்துக்கொண்டு வரவில்லை. கன்னம் வீங்கி வந்தேன்.

பொம்மைக் கதையைக் கேளுங்கள். வகுப்பில் சேர்ந்த முதல் வாரம் அவனிடம் ஒரு துணிப்பொம்மையைக் கொடுத்தேன். சோறூட்டி விளையாடுவான் என்று நினைத்தேன். காலைப் பிடித்துச் சுவரில் அடித்தான். "கொழம்புல உப்பு எங்கடி?" என்று கத்தினான். அப்படியே உங்கள் குரல். மற்றப் பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். பள்ளியை நடத்தும் சகாயசெல்வி டீச்சர்தான் அவனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பிள்ளைகளோடு தினமும் இந்த விளையாட்டு. பொம்மைக்கு அடிபட்டிருக்கும். எங்கே வலிக்கிறதென்று கேட்டு, ஈரத்துணி வைத்து, ஊதிவிட வேண்டும். வெகுநாள் அவன் கிட்டேயே வரவில்லை. இப்போது முதல் ஆளாக ஓடி வருகிறான்.

உங்களைப் பழிவாங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. உங்கள் மகன் உங்களைப் போல ஆகமாட்டான்.

பானுப்ரியா

நெய்க்காரப்பட்டி
18.6.2025

பானு,

நீயே சொல்லிக்கொடுத்து என்னைக் கெட்டவனாக்குகிறாய். எந்த வீட்டில்தான் கை நீட்டாமல் இருக்கிறார்கள்? அம்மாவோடு வருகிறேன். பையனைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவேன். எந்த டீச்சர் தடுக்கிறார் என்று பார்க்கலாம்.

மோகன்குமார்

திண்டுக்கல்
23.6.2025

வாருங்கள். இந்தச் சனிக்கிழமை பெற்றோர் பிள்ளைகளோடு உட்கார்ந்து விளையாடும் நாள். அத்தையும் அவசியம் வரட்டும்.

பானுப்ரியா

நெய்க்காரப்பட்டி
30.6.2025

பானு,

திட்டம் போட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறாய்.

அத்தனை பேர் நடுவில் வேலவன் பொம்மையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். "எங்க வலிக்குதுன்னு கேளுங்கப்பா" என்றான். நானும் சிரித்துக்கொண்டே, "பொம்மைக்கு எங்கடா வலிக்கும்?" என்றேன்.

"கன்னத்துல. நீங்க அடிச்சா அம்மாவுக்கு அங்கதான வலிக்கும்?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. "எந்திரிடா, போலாம்" என்று அம்மா எழுந்துவிட்டாள். பழனி வரைக்கும் பஸ்ஸில் என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. இறங்கும்போது மட்டும், "உங்கப்பன் கை அப்படியே உனக்கு வந்துருச்சு" என்றாள். பையனைக் கூட்டிவரத்தான் போனோம் என்பதே வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மன்னித்துவிடு. இனிமேல் கை நீட்ட மாட்டேன். வீட்டுக்கு வா.

மோகன்

திண்டுக்கல்
4.7.2025

வேலவனின் அப்பாவுக்கு,

ஆமாம், திட்டம்தான். அவனுக்கு ஒரு வார்த்தையும் நான் சொல்லித்தரவில்லை. அன்றைக்கு என்ன விளையாட்டு என்பதை மட்டும் முடிவு செய்தேன். உங்கள் தலை குனிந்ததைக் கண்ணாரப் பார்த்தேன். இனித்தது. சாயங்காலம் பிரியாணி வாங்கி வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நான் எதிர்பாராததும் ஒன்று நடந்தது. நீங்கள் வெளியேறியதும் வேலவன் ஈரத்துணியோடு வாசலுக்கு ஓடினான். அதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. "அப்பா அழுதாங்க. எங்க வலிக்குதுன்னு நான் கேக்கவே இல்லியே" என்று தேம்பினான். என்னால் தேற்ற முடியவில்லை.

அவனுக்குக் கற்றுக்கொடுத்தது எனக்கு வரவில்லை. உங்களை நான் மன்னிக்க மாட்டேன், அந்த வீட்டுக்கும் வர மாட்டேன். வக்கீல் நோட்டீஸ் தனியாக வரும்.

சனிக்கிழமை காலைகளில் பள்ளிக்கு வாருங்கள். சகாயசெல்வி டீச்சர் கூட இருப்பார். நாற்காலி கேட்காமல் தரையில் உட்காருங்கள். எங்கே வலிக்கிறதென்று அவன் கேட்டால் பொய் சொல்லாதீர்கள்.

அந்த அறைக்கு நான் வர மாட்டேன்.

பானுப்ரியா