சிரியத்தில் நீங்கள் பேசிய பேச்சு

சிஞ்ஞோர்,

இன்று ஒரு வேலையாக ரங்கூனிலிருந்து படகில் ஆற்றைக் கடந்து சிரியத்துக்குப் போனேன். கரை நெருங்கும் முன்பே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் மண்ணெண்ணெய் நெடி மூக்கில் ஏறியது. "எங்கள் போர்ச்சுக்கீசிய ஆட்கள் விட்டுப்போன நாற்றத்தை இந்த எண்ணெய் அமுக்கிவிட்டது, ஓய்" என்று நீங்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. நீங்கள் இறந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

லிஸ்பனில் பிறந்த நீங்கள், பாதிரிமாரின் பழைய ஏடுகளைப் படிக்க மயிலாப்பூருக்கு வந்து தமிழ் கற்றீர்கள். பிறகு பர்மாவில் உங்கள் நாட்டார் வாழ்ந்த வரலாற்றை எழுத ரங்கூன் வந்தீர்கள். ஆங்கிலத் தினசரி ஒன்றில் வாராவாரம் நாட்டுநடப்பைப் பற்றி நீங்கள் எழுதிய பத்தியை ஊரே படித்தது. ரங்கூன் லத்தா பகுதியில் நடந்த எங்கள் தமிழ் வாரப்பத்திரிகைக்காக அதை மொழிபெயர்த்தவன் நான். "இந்த இடத்தில் என்னைவிட நீர் கோபமாக இருக்கிறீரே" என்று சிரிப்பீர்கள்.

அந்தக் கூட்டத்துக்கும் சேர்ந்தே போனோம். முன்னூறு வருஷங்களுக்கு முன் சிரியத்தில் கோட்டை கட்டி ஆண்ட போர்ச்சுக்கீசியத் தளபதிக்கு நினைவுக்கல் நாட்ட உங்கள் இனத்தார் சங்கம் ஏற்பாடு செய்திருந்தது. நீங்கள்தான் பேச்சாளர். அவன் வீரத்தைச் சொன்னீர்கள், கைதட்டினார்கள். அவன் புத்தர் கோயில்களைக் கொள்ளையடித்ததையும் சொன்னீர்கள்; கைதட்டல் நின்றது. பர்மிய அரசன் அவனைக் கழுவேற்றிய விதத்தையும் மறைக்கவில்லை. பின்வரிசைப் பர்மியப் பெரியவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சங்கத் தலைவர் எழுந்து, "நல்ல நாளும் அதுவுமாக இதெல்லாம் பேச வேண்டுமா?" என்றார்.

"கல்லில் எழுதப்போகிறீர்கள். பிறகு அழிக்க முடியாதே" என்றீர்கள்.

அந்த வாரமே உங்கள் பத்தி நின்றது. தினசரியின் ஆசிரியர் க்யிம்யிண்டைங் பேட்டையில் இருந்த உங்கள் வீட்டுக்கு வந்தபோது நானும் இருந்தேன்.

"பேச்சு வேகத்தில் மிகைப்படுத்திவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். அடுத்த வாரமே பத்தி வரும்."

உங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நீங்கள் தாளையும் பேனாவையும் எடுத்து முன்னால் வைத்துக்கொண்டீர்கள்.

"எதை மிகைப்படுத்தினேன் என்று சொல்லுங்கள். எழுதுகிறேன்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அதன்பின் எங்கள் பத்திரிகைக்கே வந்தீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆங்கிலத்தில் கவர்னர் மாளிகைவரை படிக்கப்பட்ட நீங்கள், தமிழில் துறைமுகக் கூலிகளுக்கும் ரயில்வே குமாஸ்தாக்களுக்கும் அரிசி ஆலைத் தகராறுகளை விளக்கினீர்கள். அதில் உங்களுக்கு வருத்தம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. வரலாற்றுப் புத்தகம் பாதியில் நின்றது. காய்ச்சல் கண்டு நீங்கள் போன அன்று சங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. என்ன வாசகம் பொறிப்பது என்று தங்களுக்குள் சண்டை போட்டு அந்தக் கல்லையும் அவர்கள் நாட்டவே இல்லை.

இப்போது உங்கள் பத்தியை நான் எழுதுகிறேன். போன மாதம் எங்கள் தமிழர் சங்கம் ஒன்று, எங்கள் ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த பெரிய மேஸ்திரி ஒருவரைப் புகழ்ந்து எழுதச் சொன்னது. அவர் கட்டிய கோயிலைப் பற்றி எழுதினேன். பொய் சொல்லி ஆள் பிடித்ததையும் எழுதினேன். அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன்.

பத்திரிகை வெளிவந்ததும் தெரிந்தவர்கள் தெருவில் என்னைப் பார்த்தும் பாராமல் போனார்கள். படகுத்துறையில் ஒரு வயதான கூலி மட்டும் மூட்டையை இறக்கிவிட்டு என்னை நிறுத்தினார்.

"எங்க அண்ணனையும் அப்படித்தாங்க ஐயா கூட்டியாந்தாங்க. இதை யாரும் எழுதமாட்டாங்கன்னு இருந்தேன்."

இதைச் சொல்ல இந்த ஊரில் எனக்கு வேறு ஆள் இல்லை.