கடல் ஓட்டு

அக். 8, புதன்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வழக்கமான பஸ் வரவில்லை. இனயம் ஊரிலிருந்து வந்த பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்று தக்கலை வரை. ரத்தப் பரிசோதனை லேபில் நல்ல கூட்டம். ஒருவரை வெறும் வயிற்றில் வரச் சொன்னால் புட்டும் பயறும் தின்றுவிட்டு வந்து, "லேசாத்தான் சாப்பிட்டேன் சிஸ்டர்" என்கிறார். திருப்பி அனுப்பினேன்.

ஊரில் வேறு பேச்சே இல்லை. போன ஞாயிறு நடந்த எங்கள் சர்ச் பங்குப்பேரவைத் தேர்தலில் அண்ணன் தோற்றுவிட்டான். மூன்று முறை துணைத்தலைவராக இருந்தவன் (தலைவர் எப்போதும் ஃபாதர்தான்). ஜெயித்தது ஸ்டெல்லா, பெண்கள் குழுவை நடத்துகிறவள். சொற்ப வித்தியாசம். கடல் ஓட்டு செல்லாது என்கிறான் அண்ணன்.

நாளைக்கு நானே குழம்பாமலிருக்க எழுதி வைக்கிறேன். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப்பேர் கொச்சியில் போட் ஏறினால் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். தேர்தலன்று அவன் வீட்டுப் பெண், அம்மாவோ மனைவியோ, எல்லார் முன்னாலும் அவன் பெயரைச் சொல்லி, "கடல்ல நிக்காரு, அவருக்க ஓட்டை நான் போடுதேன்" என்று இன்னொரு சீட்டு வாங்கிப் போடுவாள். அவன் யாருக்குப் போடச் சொன்னானோ அவருக்கு. எந்தச் சட்டத்திலும் கிடையாது. அப்பா காலத்திலிருந்தே இப்படித்தான். அண்ணன் ஜெயித்த மூன்று முறையும் இந்த ஓட்டைச் சேர்த்துத்தான் எண்ணினார்கள். அப்போது யாருக்கும் வலிக்கவில்லை.

வருகிற ஞாயிறு பழைய பேரவை கூடி, முடிவை ஏற்கிறோம் என்று கை தூக்க வேண்டும். அதன் பிறகுதான் பூசையில் புதுப் பெயர்களை வாசிப்பார்கள். எப்போதும் சாயா ஆறுவதற்குள் முடிகிற வேலை. இந்த முறை பாதிப்பேர் ஏற்கமாட்டோம் என்று நிற்கிறார்கள். எங்கள் தெருவுக்காக நானும் பேரவையில் இருக்கிறேன். என் கையும் ஒன்று.

வாங்க: கடுகு, சோப்பு, அண்ணன் வீட்டு மைனிக்கு பிரஷர் மாத்திரை.

அக். 9, வியாழன்

மழை இல்லை. புழுக்கம். செபமாலை மாதம், தினம் ஒரு வீட்டில் ஜெபம். இன்று சேவியர் மாமா வீடு. ஜெபம் முடிந்து சுண்டலும் பாலில்லாத கட்டன்சாயாவும் வந்ததும் தேர்தல் பேச்சு.

ஆன்றணி சார் (ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், பேரவை உறுப்பினர், மகன் அமெரிக்காவில்) ஆரம்பித்தார். "எனக்க மவன் இருக்க நாட்டுல, ஜனாதிபதி தேர்தல் முடிவையே ஒத்துக்கிட மாட்டோம்னு சபையில ஓட்டுப் போட்ட மெம்பர்மாரு உண்டு. ஒருத்தர் ரெண்டு பேரில்ல. அவங்க என்ன கள்ளன்மாரா? அதுக்கு அங்க சட்டத்துல எடம் உண்டு."

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்: "அப்பம் முடிவு மாறிச்சா சார்?"

"மாறல்ல."

"பெறவு?"

சார் சுண்டலைத் தின்றார்.

அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. ஒரு ஆள் ஓட்டை அந்த ஆளே போட வேண்டும் என்று அண்ணன் முதல் தடவை ஜெயித்தபோதே எழுந்து சொன்ன ஒரே மனிதர். அன்றைக்கு அண்ணன் தரப்புதான் அவரை உட்கார வைத்தது. இன்றைக்கு அவரை முன்னால் நிறுத்தியிருக்கிறது. அவர் மாறவில்லை.

சேவியர் மாமா வாசல் வரை வந்தார். அவரும் பேரவை உறுப்பினர்தான். "எனக்கு சட்டம் ஒண்ணும் அறியாது மக்கா. புயல் வருஷம் எனக்க மருமவன்மாரு ரெண்டுபேரும் உசிரோட வந்தது உனக்க அண்ணன் நாயா அலைஞ்சதாலதான். அவன் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் எனக்க கை."



அக். 10, வெள்ளி

வெயில். துணி ஒருவழியாகக் காய்ந்தது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, அதிசயம். ஆன்றணி சார் சொன்ன அமெரிக்க உறுப்பினர்களை போனில் தேடிப் பார்த்தேன். கோட், டை, எல்லாரும் நன்றாகச் சாப்பிட்ட முகம். சிலர் நிஜமாகவே நம்பித்தான் எதிர்த்திருப்பார்கள். சிலர் பயந்து. சிலர் நன்றிக்கடனுக்கு. அங்கேயும் ஒரு சேவியர் மாமா இருந்திருப்பார். அவர்களுக்கும் வீட்டில் ஒரு தங்கச்சி இருந்திருப்பாள். அன்று வீட்டுக்குப் போன பிறகு அவள் என்ன கேட்டாள் என்று ஒரு செய்தியிலும் இல்லை.

சாயங்காலம் மைனி சாளை மீன் கொண்டுவந்தாள். அண்ணன் வீடும் என் வீடும் ஒரே மதில். பாதி நாள் குழம்பு அங்கிருந்துதான். இருவரும் உட்கார்ந்து மீன் உரசினோம். திடீரென்று மைனி சொன்னாள்:

"சஜினுக்க ஓட்டை நான்தானே போட்டேன்."

சஜின், அண்ணனுக்கும் மைனிக்கும் ஒரே மகன். கடலில் இருக்கிறான்.

"தெரியும் மைனி."

"யாருக்குன்னு தெரியுமா? ஸ்டெல்லாவுக்கு."

கையிலிருந்த மீன் நழுவிவிட்டது.

"போட்ல ஏறும்பம் கொச்சியில இருந்து போன் பண்ணினான். 'அம்மா, எனக்க ஓட்டு ஸ்டெல்லாக்காவுக்கு, அப்பாவுக்குப் போட்டுராதீங்க'ன்னு. என்னத்துக்குலேன்னு கேட்டேன். வந்து சொல்லுதேன்னு வச்சுட்டான். எனக்க ஓட்டு உனக்க அண்ணனுக்குத்தான். ஆனா அவனுக்கதை நான் எப்பிடி மாத்திப் போடதுக்கு ஜெயா? கடல்ல நிக்கவன் சொன்ன சொல்லு. மாத்திப் போட்டு, அங்க அவனுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

அண்ணனிடம் சொல்லக் கூடாது என்று மாதா பெயரில் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவளுடைய கண்ணைப் பார்த்ததும் செய்து கொடுத்துவிட்டேன். மீனுக்கு உப்புப் போட மறந்தேன்.

அக். 11, சனி

மறுபடி மழை. அரை நாள் லேப். திரும்பி வந்தால் அண்ணன் என் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். முகம் வீங்கியிருக்கிறது. சர்க்கரை ஏறிக் கிடக்கும். ரத்தம் எடுக்க வா என்று எத்தனை தடவை சொல்லியாயிற்று. தேர்தல் கழியட்டும், தேர்தல் கழியட்டும்.

"ஏட்டி, நாளைக்கு ரெண்டு பக்கமும் சரிக்குச் சரி நிக்குது. உனக்க கைதான் பாக்கி."

"அண்ணே, நீ ஜெயிச்சப்பம் எல்லாம் இந்த ஓட்டு செல்லுமான்னு கேட்டியா?"

"இல்ல."

"இப்பம் கேக்க."

"தோத்தவன்தானே மக்கா கேப்பான்." சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. "இந்த ஊருக்கு நான் என்ன செய்யல்ல, சொல்லு. காலையில கோயிலுக்குப் போவும்பம் எதுக்க வாறவன் எல்லாம் செல்போனைப் பாக்கான். எனக்க முகத்தைப் பாக்கதுக்குக் கூச்சம்."

 அப்பா போன பிறகு என்னை இந்த லேப் படிப்புக்கு நாகர்கோவில் கூட்டிப்போய்ச் சேர்த்தவன் இவன். அன்று கோர்ஸின் பெயரைக்கூட அவனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

எழுந்து போகும்போது சொன்னான்: "ஒண்ணு நெனச்சுப் பாரு. எனக்க மவனுக்க ஓட்டும் அதுல போவும். எனக்கு விழுந்த ஓட்டு. அதையும் சேத்து வேண்டாம்னுதான் சொல்லுதேன். பெறவு நான் பதவிக்கு அலையுதேன்னு எவனாவது சொல்ல முடியுமா?"

எவ்வளவு பெருமையாகச் சொன்னான்.  சாயா குடிக்கிறாயா என்று மட்டும் கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டான்.

சொன்னால் நாளைக்கு அவன் கையைத் தூக்கமாட்டான். சொன்னால் மைனிக்கு அந்த வீட்டில் என்ன நடக்கும்? சத்தியம் வேறு. சொல்லவில்லை.

அக். 12, ஞாயிறு

மழை விடவில்லை. இரண்டாம் பூசை முடிந்ததும் பேரவை அறையில் கூட்டம். வெளியே குடை பிடித்துக்கொண்டு பெண்கள். அவர்கள் நடுவில் ஸ்டெல்லா.

போட்டியிட்டவர் கை தூக்காமல் விலகி இருக்கலாமே என்று ஃபாதர் அண்ணனிடம் மெதுவாகச் சொன்னார். அண்ணன் முடியாது என்றான். ஆன்றணி சார் பேசினார். நன்றாகவே பேசினார், யாரையும் குறை சொல்லாமல். வேறு யாராவது பேசணுமா என்று ஃபாதர் கேட்டார். நான் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது.

"அந்த ஓட்டை எல்லாம் போட்டது நம்ம வீட்டுப் பெண்ணுங்க. செல்லாதுன்னு சொன்னா அவங்க பொய் சொல்லிப் போட்டாங்கன்னு அர்த்தம். எனக்கு அறிஞ்சவரை ஒருத்தியும் பொய் சொல்லல்ல."

அண்ணன் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

ஏற்காதவர்கள் கை தூக்கினார்கள். ஆன்றணி சார் கை நேராக. சேவியர் மாமா கை பாதிவரை. அண்ணன் கை எல்லாவற்றுக்கும் மேலே. பிறகு ஏற்பவர்கள். எண்ணினார்கள். எங்கள் பக்கம் ஒரு கை கூடுதல். அது யாருடையது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

அண்ணன் எழுந்து மழையில் இறங்கிப் போனான். குடையை விட்டுவிட்டுப் போனான். நான் எடுத்து வந்து அவன் வீட்டு கேட்டில் மாட்டினேன்.



அக். 14, செவ்வாய்

வானம் மூடியே கிடக்கிறது. குடை இன்னும் கேட்டிலேயே. மீன் வரவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் மைனியின் இருமல் மட்டும் கேட்கிறது.

ஸ்டெல்லா நன்றி சொல்ல வந்தாள். "உனக்காக ஒண்ணும் தூக்கல்ல" என்று சள்ளென்று விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள். போகும்போது, "அண்ணன் சாப்பிடுதாரா அக்கா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். அது எனக்கே தாங்கவில்லை.

மஸ்கட்டிலிருந்து என் வீட்டுக்காரர் போன். "உனக்கு என்னத்துக்கு ஊர் வம்பு?" கட் பண்ணிவிட்டேன்.

ஜெபத்தில் சேவியர் மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நான் எதுத்துத் தூக்குனேன், நீ ஏத்துத் தூக்குனே. ரெண்டுபேருக்கும் அவன் மேல பிரியந்தான். அவனுக்கு இப்பம் அது தெரியாது, கேட்டியா." அழுதுவிட்டேன். நல்லவேளை எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அக். 17, வெள்ளி

சஜினின் போட் கொச்சி வந்துவிட்டது. காலையில் மைனி மதிலுக்கு மேல் தலையை நீட்டிச் சொன்னாள், முகத்தில் ரத்தமே இல்லை. "அவன் வாய் நிக்காது ஜெயா."

நிற்கவில்லை. சாயங்காலம் நான் பஸ் இறங்கி வரும்போது அண்ணன் என் வாசலில் நிற்கிறான். உள்ளே வா என்றேன். வந்தான். உட்காரவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பம்?"

"கூட்டத்துக்கு முந்தியே."

"அப்பம் நான் இங்க இருந்து, எனக்க மவனுக்க ஓட்டையும் வேண்டாங்கேன்னு வீரம் பேசும்பமும் தெரியும்."

"தெரியும் அண்ணே."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கையை மடியில வச்சிருப்பேனே, மக்கா."

"மைனிக்கு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்."

இப்போது உட்கார்ந்தான். சஜின் போனில் சொன்னதை எல்லாம் சொன்னான். "'அப்பா, நான் கரைக்கு வரும்பம் எல்லாம் நீங்க எவனுக்கோ ஓடிக்கிட்டு இருக்கீங்க. மாத்திரை திங்க நேரமில்ல. நான் கடல்ல நிக்கும்பம் உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு வந்து எனக்குச் சொல்லுவா? ஸ்டெல்லாக்கா பாத்துக்கிடட்டும், நீங்க வீட்டுல இரிங்க'ங்கான். பயந்து கிடந்திருக்கான் பய. நானாக்கும் அவனை நெனச்சு பயந்துக்கிட்டு இருக்கது."

மைனியைத் திட்டினாயா என்று கேட்டேன்.

"திட்டத்தான் போனேன். அவளுக்குப் பிடிக்கல்ல, ஆனாலும் அவன் சொன்ன சொல்லை மாத்தல்ல, பாத்தியா. எனக்காகக்கூட மாத்தல்ல." துண்டால் முகத்தைத் துடைத்தான். நெடுநேரம் துடைத்தான். சாயா போட்டேன், சர்க்கரை இல்லாமல். முழுக்கக் குடித்தான்.

போகும்போது தன் வீட்டு கேட்டிலிருந்து குடையை எடுத்து உள்ளே கொண்டுபோனான்.

அக். 19, ஞாயிறு

வெயில், மழை, வெயில். புதுப் பேரவைப் பெயர்கள் வாசிக்கப்பட்டன. பழைய துணைத்தலைவர் பீடத்துக்கு முன்னால் வைத்து அறைச் சாவியைப் புதியவரிடம் கொடுப்பது வழக்கம். அண்ணன் வரமாட்டான், ஃபாதரே கொடுப்பார் என்று பேசிக்கொண்டார்கள். வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஆன்றணி சாரும் வந்திருந்தார், கடைசி வரிசையில் கை கட்டிக்கொண்டு. அவர் இன்னும் ஏற்கவில்லை. ஏற்க வேண்டாம், வந்தாரே.

சாவியைக் கொடுக்கும் முன் அண்ணன் மைக்கைக் கேட்டான். ஃபாதர் முகம் சுருங்கியது. ஸ்டெல்லா நீட்டிய கையை எடுக்கவும் இல்லை, மடக்கவும் இல்லை.

"நான் இந்த முடிவுக்கு எதிரா கை தூக்குனவன். மினிட்ஸ்ல எனக்க பேரு கிடக்கு. கிடக்கட்டும், அழிக்கச் சொல்லல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லணும். ஸ்டெல்லாவுக்கு விழுந்த கடல் ஓட்டுல எனக்க மவனுக்கதும் உண்டு. எனக்க வீட்டுக்காரி, அவன் சொன்னபடியே போட்டிருக்கா. அதனால அது செல்லும்."

சாவியை ஸ்டெல்லா கையில் வைத்தான். என் பக்கத்தில் மைனி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.  பிறகு சேவியர் மாமாதான் முதலில் கை தட்டினார்.

வீட்டுக்கு நெய்மீன் குழம்பு வந்தது, மதிலுக்கு மேலே, பழையபடி.

நாளை தீபாவளி, லேப் லீவு. செவ்வாய்க்கிழமை ரத்தம் எடுக்க வருகிறேன் என்று அண்ணன் தானாகவே சொன்னான். வெறும் வயிற்றில் வா என்றேன்.

"லேசா ஒரு கட்டன்சாயா?"

திருப்பி அனுப்பிவிடுவேன் என்றேன்.