உன் பேரில் ஒரு தோள்

கானி சேவ், பென்ஜ்வீன் வட்டாரம்
நோன்பு மாதம், 2007

அன்புள்ள தம்பி நரிமானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அக்கா குவேஸ்தான் எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். நீ நலமாகத்தான் இருப்பாய். நீ அனுப்பிய பேப்பர் படத்தில் பார்த்தேனே, பாக்தாத்தில் உங்கள் அலுவலக விழாவில் பெரிய அதிகாரிகளுக்குப் பின்னால், யாருடைய தோளுக்கோ மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். கோட்டு உனக்குப் பொருந்துகிறது. சிரிப்பு அப்படியே அம்மாவின் சிரிப்பு.

இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் நீ "அக்கா, அழாதே, கோபப்படாதே" என்று சொல்லியே வைத்துவிடுவாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ எழுதியிருந்த விஷயத்தை வரி விடாமல் படித்தேன். மனிதரைக் கொல்லும் கண்ணிவெடிகளை இனிமேல் செய்யக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, புதைக்கக் கூடாது என்ற உலக ஒப்பந்தத்தில் நம் நாடும் சேர்ந்துவிட்டது. ஏற்கெனவே மண்ணுக்குள் கிடப்பதைப் பத்து வருஷத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதற்கான தாள்களை மொழிபெயர்த்தவர்களில் நீயும் ஒருவன். சந்தோஷம். ஊரில் எல்லாருக்கும் படித்துக் காட்டச் சொல்லியிருந்தாய். பெருநாள் காலையில் மலைமேல் ஏறி அம்மாவின் கபருக்குப் பக்கத்தில் நின்று, "உன் மகன் இதைச் செய்தான்" என்று சொல்லவும் சொல்லியிருந்தாய். கடைசியில் ஒரு வரி: கழுதை உதைத்து ஒடிந்ததே, மச்சான் கால் சரியாகிவிட்டதா?

படித்துக் காட்டியாயிற்று. உன் மச்சான் ரெப்வார்தான் நோன்பு திறந்த பிறகு டீக்கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். ஒருவர் விடாமல் கேட்டார்களாம். முடிந்ததும் டீக்கடை அஜீஸ், கிளாஸைக் கழுவிக்கொண்டே, "எல்லாஞ் சரி, மேல பொதைஞ்சு கெடக்கே, அதுங்களுக்கு யாராச்சும் இதைப் படிச்சுக் காட்டுனீங்களா?" என்று கேட்டானாம். கடையே சிரித்ததாம். உன் மச்சானும் சிரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து எனக்கும் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, இப்போது கேள். எந்தக் கழுதையும் அவரை உதைக்கவில்லை.

அம்மா மௌத்தான அன்று பாக்தாத்தில் சாலையை மூடிவிட்டார்கள், உன்னால் வர முடியவில்லை. அதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று மலைப்பாதையில் நடந்ததை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா எல்லாரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். கேட்டால் நீ சண்டை நடக்கிற சாலையில் ஓடி வருவாய், வழியில் உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். அந்தக் கழுதைக் கதையையும் அவர்தான் கட்டினார். பாவம், அந்தக் கழுதை ஊரிலேயே சாதுவான கழுதை.

நம் கபர்ஸ்தான் பாதை உனக்குத் தெரியும். வெடி எடுக்கிற குழு ஒன்று முன்பு வந்து, ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்குச் சுத்தம் செய்து, இருபக்கமும் கல்லுக்கு உள்பக்கம் வெள்ளையும் வெளிப்பக்கம் சிவப்பும் அடித்துவிட்டுப் போனது. வெள்ளைக்கு உள்ளே நடக்கலாம், சிவப்பைத் தாண்டக் கூடாது. அகலப்படுத்த மறுபடி வருகிறோம் என்றார்கள். அப்புறம் அவர்களைக் காணவே இல்லை. அதனால் அங்கே இறந்தவரைக் கிடத்திய சந்தூக்கை நாலு பேர் தூக்க முடியாது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், அவ்வளவுதான். பாதி வழியில் யாரும் தோள் மாற்றக் கூடாது என்று மலையடியில் எல்லாரும் பேசி முடிவு செய்தார்கள்.

உன் மச்சான் தன் முறைக்கு வாசலிலிருந்து மலையடி வரை தூக்கினார். அங்கே வந்ததும் முல்லா வழக்கம்போலக் கேட்டார், வர முடியாத மகனின் பேரில் தோள் கொடுப்பது யார் என்று. "இது நரிமானோட தோள்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு இவரே மறுபடியும் முன்னால் நின்றார். உன் பேரைச் சொல்லித்தான் ஏறினார், நரிமான்.

பாதிப் பாதையில் சித்தப்பா மகன் சாபிர், முன்னால் போய்க்கொண்டிருந்தவன், திரும்பி நின்றான். "தோளைக் குடுங்கண்ணே, பெரியம்மாவுக்கு நானும் செய்யணும்ல" என்றான். மலையடியில் பேசிய பேச்சு ஒருத்தனுக்கும் நினைவில் இல்லை. நம் ஊரில் சந்தூக்கு போகும்போது தோள் கொடுக்காமல் கைவீசி நடக்கிற ஆம்பளை உண்டா? தோள் கேட்டவனுக்கு இல்லை என்று சொல்கிற ஆம்பளைதான் உண்டா? கேட்டால் கொடுத்துவிட்டு விலகி நிற்பதுதான் மரியாதை. இவரும் கொடுத்தார், விலகினார். இடப்பக்கம் ஒரே ஓர் அடி.

முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. சாபிர் சந்தூக்கைக் கீழே போடவில்லை, அதை மட்டும் சொல்ல வேண்டும். அம்மாவைப் பத்துப் பேர் ஒருவர் பின் ஒருவராக மேலே கொண்டுபோனார்கள். மற்றவர்கள் இவரை ஒரு கம்பளியில் போட்டுக் கீழே கொண்டுவந்தார்கள். நான் வாசலில் நின்றேன். அம்மாவுக்கு அழுவதா, இவருக்கு அழுவதா என்று தெரியாமல் நின்றேன். சாபிர் இன்றுவரை என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. தோள் கேட்டது ஒரு குற்றமா? கோபமெல்லாம், எங்கோ ஒரு நாட்டில் சுத்தமான அறையில் உட்கார்ந்து, சோப்பு டப்பா அளவுக்கு ஒன்றைச் செய்து, இது கொல்லக் கூடாது, காலை மட்டும் எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டானே, அவன்மேல். அதை விற்றவன்மேல். யுத்த காலத்தில் வாங்கிவந்து கபர்ஸ்தானுக்குப் போகிற மலையில் புதைத்துவிட்டு, இருந்த இடத்தையே மறந்துபோன ராணுவத்தின்மேல். அவர்கள் யாரும் என் கைக்கு எட்டவில்லை. நீ எட்டுகிறாய், அதனால் நீ வாங்கிக் கட்டிக்கொள்.

போன மாதம் ஓர் அதிகாரி காரில் வந்தார். எதை முதலில் சுத்தம் செய்வது என்று பார்க்க வந்தாராம். பள்ளிக்கூடம், தண்ணீர், வயல், அதற்கு அப்புறம்தான் மற்றது என்றார். நான் மலையைக் காட்டினேன். "அங்கே கபர்தானே இருக்கு? செத்தவங்களுக்கு என்னம்மா அவசரம்" என்றார். "தூக்கிட்டுப் போறவங்க உயிரோடதான சார் போறாங்க" என்றேன். தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார். குடித்த தண்ணீர் டம்ளரைக்கூட என் கையில் கொடுக்கவில்லை, மதில்மேல் வைத்துவிட்டுப் போனார்.

நம் நாடு ஒப்பந்தத்தில் சேர்ந்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. இனிப் புதைக்க மாட்டோம் என்று ஒரு நாடு சொல்வது நல்லதுதான். ஆனால் பத்து வருஷம் என்று நீ இவ்வளவு சந்தோஷமாக எழுதுகிறாயே, அப்பாவுக்குப் பத்து நாள் இருக்கிறதா என்று தெரியவில்லை. நெஞ்சுச் சளி இறங்கவே இல்லை. டாக்டர் வீட்டுக்கே அழைத்துப்போகச் சொல்லிவிட்டார். அப்பா கேட்பது ஒன்றே ஒன்றுதான், மலைமேல் அம்மா பக்கத்தில் படுக்க வேண்டும்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். சாகக் கிடக்கிற தகப்பன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "அவ அங்க தனியாக் கெடக்காளேடி" என்றார். "கெடக்கட்டும்" என்றேன். அதிலிருந்து என் கையால் கஞ்சி குடிக்க மாட்டேன் என்கிறார். உன் மச்சான்தான் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து ஊட்டுகிறார். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "விடு குவேஸ்தான், நான் முன்னால போறேன், எனக்குத்தான் இன்னொரு காலு மிச்சம் இருக்கே." வேடிக்கையாகத்தான் சொன்னார். கையிலிருந்த கரண்டியை வீசி அடித்தேன். நல்லவேளை, படவில்லை.

ஊரில் நான் கல்நெஞ்சுக்காரி. தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். நிறுத்தட்டும்.

*

கடிதம் இங்கே நின்றுபோனது, தம்பி. மேலே எழுதியதை உறைக்குள் போடுவதற்குள் அப்பா போய்விட்டார். இன்னாலில்லாஹி. காலையில், வலியில்லாமல், உன் மச்சான் கையைப் பிடித்துக்கொண்டே. போவதற்கு முன்னால் என்னைப் பார்த்தார். மன்னித்தாரா இல்லையா என்று அந்தப் பார்வையில் எனக்குத் தெரியவில்லை. உனக்குப் போன் போட்டோம், கிடைக்கவில்லை. சாலை மறுபடியும் மூடியிருக்கிறது என்று பிறகு தெரிந்தது.

குளிப்பாட்டித் தொழுகை முடிந்ததும் ஆண்கள் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு நேராக மலைப்பக்கம் திரும்பினார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நான் வீட்டுக்குப் பின்பக்க வழியாக ஓடி, அவர்களுக்கு முன்னால் போய், முதல் வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில் பாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊர்த்தலைவர் கரீம் பொறுமையாகத்தான் பேசினார். பெரியவரின் கடைசி ஆசை, பொம்பளை வழியை மறிக்கலாமா, எழுந்து போம்மா என்றார். நான் எழவில்லை.

"எங்க வீட்டுல இருந்து ஒரு காலு இந்த மலைக்குக் குடுத்தாச்சு. அடுத்தது யாரோடதுன்னு சொல்லிட்டு என்னைத் தாண்டிப் போங்க" என்றேன்.

தலைவர் தன் செருப்பைப் பார்த்தார். சாபிர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தான். அவன்தான் முதலில் சந்தூக்கைத் திருப்பினான்.

முல்லா, மண் எங்கேயும் அல்லாஹ்வின் மண்தான் என்று சொன்னார். உன் மச்சான் ரோட்டோரம் இருக்கிற நம் வாதுமைத் தோட்டத்தில் இடம் கொடுத்தார். சமதரை, சின்ன வயதிலிருந்து நாம் ஓடி விளையாடிய தரை. நாலு பேர் நாலு பக்கமும் தூக்கினார்கள். தோள் கேட்டவன் கேட்டபடி, கொடுத்தவன் விலகியபடி. எத்தனை பேர் விலகினார்கள், தம்பி! இடது பக்கம், வலது பக்கம், புல்லில், சேற்றில், எங்கே வேண்டுமானாலும் காலை வைத்தார்கள். நான் எல்லாரையும் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தேன். அங்கேதான் எனக்கு முதலில் அழுகை வந்தது.

தோட்டத்து வாசலில் சந்தூக்கை நிறுத்தினார்கள். வர முடியாத மகன் நரிமான் பேரில் தோள் கொடுப்பது யார் என்று முல்லா கேட்டார். ஒருவரும் முன்னால் வரவில்லை. போன தடவை உன் பேரைச் சொல்லித் தூக்கியவர் கட்டையை ஊன்றிக்கொண்டு அங்கேயே நிற்கிறார், யாருக்குத் துணிவு வரும்? முல்லா இரண்டாம் தடவையும் கேட்டார். உன் மச்சான் கட்டையைக் கீழே வைக்கப் போனார்.

நான் அவரைத் தள்ளிவிட்டு முன்னால் போனேன். நம் ஊரில் பொம்பளை சந்தூக்கைத் தொட்டது இல்லை, தெரியும். "இது நரிமானோட தோள்" என்று சொல்லி முன்பக்க இடது கொம்புக்குக் கீழே தோளைக் கொடுத்தேன். வேண்டாம் என்று முல்லா சொல்லவில்லை. அப்பா கனக்கவே இல்லை. குழிவரை நான்தான் போனேன், யாரும் என்னிடம் தோள் கேட்கவில்லை.

ஆக, அம்மா மேலே, அப்பா கீழே. இரண்டு பேரையும் பிரித்து வைத்தவள் நான்தான், அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். சேர்த்து வைக்க வேண்டியது நீ. அந்த வெடிகளைப் புதைத்தவர்கள் வரைபடம் போட்டுக்கொண்டுதான் புதைத்திருப்பார்கள். நீ உட்கார்ந்திருக்கிற ஊரில் ஏதாவது அலமாரியில் அது தூங்கும். தேடு. இல்லை என்று சொன்னால் மறுபடி தேடு. மொழிபெயர்த்தாயே, அந்தத் தாளைக் கொண்டுபோய் அவர்கள் மேசைமேல் வை, கத்து, அடிக்காத குறையாகக் கேள். எங்களுக்கு மலை முழுக்க வேண்டாம். நாலு பேர் ஒரு சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறுகிற அகலம் போதும், விலகி நிற்க இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடி.

பெருநாளைக்கு அம்மாவிடம் உன் செய்தியைச் சொல்ல நான் ஏறப் போவதில்லை. நீயே வந்து சொல். சாலை திறந்ததும் வா. பகலில் வா, காரில் வா, ரோட்டை விட்டு எங்கேயும் இறங்காதே. ஆத்திர அவசரம் என்றாலும் இறங்காதே. அல்லாஹ் உன் இரண்டு கால்களையும் காப்பாற்றிக் கொடுக்கட்டும், உன் ஆயுசைக் கூட்டட்டும்.

என் இடது தோள் இன்னும் வலிக்கிறது. அது உன்னுடைய தோள், வந்து வாங்கிக்கொள்.

உன் அக்கா,
குவேஸ்தான்