நறுங்கோதையின் கணினி உரிமத்தை உயிர்ப்பித்துத் தருமாறு விடுத்த ஓலை

நலம் பெருகுக. கடம்பூர்க் கோட்டையினின்று, வெண்கடம்ப நாடுடைய நெடுவேள் ஆதனார் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் அமைச்சன் மருதங்கிழான் நக்கன் எழுதுவித்த ஓலை. கணிமங்கல நாட்டு உரிம மண்டபத் தலைவர் பெருஞ்சாத்தனார் கண்டுகொள்க. நும் நாட்டில் மழை தவறாது பெய்க. நும் மண்டபத்தில் மின்சாரம் ஒருநாளும் நில்லாதொழிக.

எம் மன்னரின் ஒரே மகள் நறுங்கோதை சென்ற மாசியில் காய்ச்சல் கண்டு மறைந்ததும், நும் தூதர் வந்து துக்கம் விசாரித்ததும் தாம் அறிந்தவை. அவள் விட்டுச்சென்ற கணினியைத் திறந்தால், ‘வருக, நறுங்கோதை’ என்று திரையில் எழுத்துத் தோன்றும். நாடாளும் மன்னர் நாள்தோறும் கொலுவில் அமருமுன் அதைத் திறந்து, அவ்விரு சொற்களைக் கண்டு, மூடிவிட்டு வருவார். வேறு வழிபாடு அவருக்கு இல்லாமற் போயிற்று.

அக்கணினி தள்ளாடத் தொடங்கவே, இதுவும் போய்விடுமோ என்று அஞ்சி, மன்னரே ஆள் அழைத்து, அதனுள்ளே பழுதாகியிருந்த தாய்ப்பலகையை மாற்றுவித்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. நும் இயங்குதளம் இதனை வேற்றுக் கணினி என்று கொண்டு, உரிமம் செல்லாது என அறிவித்து, திரையைக் கருமையாக்கி, அவள் பெயரையும் மறைத்துவிட்டது. பழைய பலகையையே மீண்டும் பூட்டலாமென்றால் அதற்கும் வழியில்லை. இறந்தோர் கைபட்ட பொருள் பழுதானால் மலர் சூட்டி ஆற்றில் விடுவது எம் குலவழக்கு. மன்னர் தம் கையாலேயே அதைச் செவ்வாற்றில் விட்டிருந்தார். மூழ்கித் தேடியவர் கைகளில் சேறுதான் வந்தது. மன்னர் கரையிலேயே அமர்ந்து அழுதார். குடை பிடித்து நின்ற நாங்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

நும் அலுவலர் இரக்கமற்றவர் அல்லர். மன்னர் பெயரில் புது உரிமமே தருவதாக உரைத்தனர். அவ்வாறாயின் திரை மன்னரையன்றோ வரவேற்கும்! ஊரே நாள்தோறும் வாய் ஓயாது வாழ்த்தும் அப்பெயர் அவருக்கு எதற்கு? பழைய உரிமமே உயிர்பெற வேண்டுமாயின், உரிமையாளர் தாமே வந்து, வன்பொருளை மாற்றியது உண்மை, இக்கணினி என்னுடையதே என்று உரைக்க வேண்டும் என்பது நும் விதியாம். அதை வாசித்தபோது மன்னர் சினக்கவில்லை. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

ஆகலின் மன்னர் ஆணை இது: புதுப்பலகையின் எண்ணை இத்துடன் விடுத்தோம், அதனை நறுங்கோதையின் உரிமத்தோடு பிணைத்து, அவள் பெயர் மாறாமல் உயிர்ப்பித்துத் தருக. அவள் நேரில் வந்தே தீரவேண்டும் என்பீராயின், அவள் வரும் நாளைக் குறித்து விடுக்க. அன்று விடியுமுன்பே எம் மன்னர் கோட்டை வாயிலில் வந்து நிற்பார்.

கடம்ப முத்திரை இடப்பெற்றது. அதன்கீழ், பட்டங்கள் யாவும் விடுத்து, மன்னர் தாமே இட்ட கையெழுத்து: நறுங்கோதையின் தந்தை ஆதன்.