கடைக்காரரின் ‘போலே’

13 மார்ச் 1993, சனி, பிரிக்பீல்ட்ஸ்

சிடி பிளேயரைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஒரு மாதமாகிறது. அதைவிட நல்ல சத்தம் வேண்டும் என்று நானே ஒரு டிஏசி செய்யப் போகிறேனாம். சிடியில் இருக்கும் எண்களைப் பாட்டாக மாற்றும் பலகை அது. அதற்கான பாகங்கள் அடங்கிய கிட்டைத்தான் வாங்கியபாடில்லை.

இன்று சீனரின் எலக்ட்ரானிக்ஸ் கடையில் இரண்டு கிட் இருந்தன. ஒன்று பதினாறு பிட் வகை, மற்றது புதிதாக வந்த ஒரு பிட் வகை. எதை எடுக்கலாம் என்று கேட்டேன்.

"இது போலே, அதுவும் போலே லா, பாஸ்" என்றார் கடைக்காரர்.

என் பிளேயருக்குப் பொருந்துமா? "போலே." எனக்குச் சாலிடரிங் சரியாக வராதே? "போலே, போலே."

மலாயில் அதற்கு ‘முடியும்’ என்று பொருள். என் தமிழ்க் காதில் மட்டும் ஒவ்வொரு முறையும் ‘முடியும் போலே’ என்றே விழுந்தது. எரிச்சலில் கைக்கு எட்டிய அந்த ஒரு பிட் கிட்டை வாங்கி வந்துவிட்டேன். வீட்டில் பெட்டியைத் திறந்தால் விளக்கத்தாள் முழுக்க ஜப்பான் எழுத்து!

மனைவி சரசு மேசையைப் பார்த்தபடி நின்றாள்.

"அடுத்த ஞாயிறு என் தங்கச்சிய பொண்ணு பாக்க வராங்க. அதுக்குள்ள இத முடிச்சு மேசைய காலி பண்ண முடியுமா, முடியாதா?"

"போலே" என்றேன்.

"மலாய்ல சொல்றீங்களா, தமிழ்லயா?"