கரண்டு இல்லாத மீன்தொட்டி

ஆடிச் செவ்வாய், ராத்திரி

முருகா, நீயும் பாத்துட்டுதானே இருக்கற? காத்துல மரம் விழுந்து காலையில போன கரண்டு இன்னும் வரல. பிரசவத்துக்குக் கோயமுத்தூர் போன அண்ணன் மக செல்வி, என்னை நம்பி உட்டுட்டுப் போன தொட்டி மீனுங்க மேல வந்து வாயைப் பொளந்துட்டு நிக்குதுங்க. கரண்டு போனாப் போடுங்கன்னு அவ குடுத்த, தண்ணிக்குள்ள காத்து ஊதற பேட்டரி மோட்டாரு ஓடவே இல்லை. சொம்புல தண்ணிய மொண்டு மொண்டு மேல இருந்து ஊத்திக் கை ஓஞ்சு போச்சு. ஒரு மீனு சாஞ்சிருச்சு.

போன்ல செல்வி, "ஏனுங்கத்தை, மீனுங்க நல்லாருக்குதுங்களா?"ன்னா.

"அதுகளுக்கென்னடி, பம்பரமாச் சுத்துதுங்க"ன்னுட்டேன். செவ்வா விரதத்துல வாய் கூசாமப் பொய்.

நான் இங்க அழுவறேன், நீ பூசை ரூம்புப் பாட்டுப் பொட்டியில பாடிட்டே இருக்கற.

அய்யோ, போன கிருத்திகைக்கு அந்த மோட்டாரு பேட்டரியக் கழட்டி உன் பாட்டுப் பொட்டிக்கில்ல போட்டேன்!